எண்ணிக் கொடுத்த துணி

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பால்காரர் ஆழாக்கில் அளந்து ஊற்றும்போது எல்லோரும் பாலைப் பார்ப்பார்கள். நான் அவர் கட்டை விரல் ஆழாக்குக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்ப்பேன். காய்காரி கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலை அதிகம் போட்டால், எடையில் எங்கே கைவைத்தாள் என்று யோசிப்பேன். என் வீட்டுக்காரர், "உன்னைப் போலீசுல சேத்திருக்கணும்" என்பார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்ட காலம் அது.

பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமே காஞ்சிபுரத்தில் தறிக்கார வீடுகள். எங்கள் தொழிலே நிறுத்துக் கொடுத்து நிறுத்து வாங்குகிற தொழில். பட்டையும் ஜரிகையையும் முதலாளி வீட்டில் தராசில் வைத்துக் கொடுப்பார்கள். புடவை நெய்து கொண்டுபோனால் அதையும் தராசில் வைப்பார்கள். கொஞ்சம் குறைந்தாலும் பட்டு எங்கே போயிற்று என்று கேள்வி வரும். என் அப்பா ஒருமுறை அப்படித் தலைகுனிந்து நின்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் ஓர் இழைகூட எடுத்தவரில்லை. ஆனால் எனக்கு முதலாளி மேல் கோபம் வரவில்லை. வாங்கும்போதே கண்ணால் எடையைப் பார்க்காமல் வந்த அப்பா மேல்தான் கோபம் வந்தது. எதையும் எண்ணிக் கொடுக்க வேண்டும், எண்ணி வாங்க வேண்டும் என்று அன்றைக்கே மனசில் பதிந்துவிட்டது.

நான் சொல்லப்போவது அறுபதுகளின் கடைசியில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது; பிள்ளை இல்லை. என் கொழுந்தனுக்கு முந்தின வருஷம்தான் கல்யாணம் நடந்தது. அவன் மனைவி, என் ஓர்ப்படிக்குப் பத்தொன்பது வயசு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும். அவளுக்குத் தாய் இல்லை. அதனால் எங்கள் வீட்டிலேயே, பின்கட்டு அறையில், மருத்துவச்சி வந்து பார்த்தாள். பெண் குழந்தை. அதிகம் கஷ்டப்படாமல் பெற்றுவிட்டாள் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பிள்ளை பெற்ற அறைக்குள் போனவர்கள் அன்றைக்குத் தறியில் கை வைக்கக் கூடாது. மற்ற வீடுகளில் தலைக்கு ஊற்றிக்கொண்டு தறிக்குப் போவார்கள். என் மாமியார் அதற்கும் ஒப்பமாட்டார். அப்போது தறியில் ஏறியிருந்தது ஒரு கல்யாணப் பெண்ணுக்கான முகூர்த்தப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதை இணைத்து நெய்யும் கோர்வை வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். என் வீட்டுக்காரர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான இழை ஓடும் நாடாவைத் தள்ளுகிறவள் நான். நான் அறைக்குள் போனால் தறி நின்றுவிடும். ஆகவே, "நீ அந்தப் பக்கம் போவாதே" என்று மாமியார் சொல்லிவிட்டார்.

அதையும் நான் நம்பவில்லை. தறி ஒரு சாக்கு, பிள்ளை இல்லாதவள் கண் பச்சைக் குழந்தை மேல் படக் கூடாது என்றுதான் ஒதுக்குகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததுதான் எனக்குச் சாட்சியாக இருந்தது. அந்த வலியோடு வீம்பாக, கூப்பிட்டாலும் போகக் கூடாது என்று நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அறைக்குள் போய்வந்தது மாமியார் ஒருவர்தான். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. காற்றுப் படக் கூடாது என்று ஜன்னலில் சாக்குத் திரை வேறு. அந்த இருட்டில் தடவித் தடவி மருந்து கொடுப்பார், வெந்நீர் ஊற்றுவார், சோறு வைப்பார். மருத்துவச்சி ஐந்து நாளோடு வருவதை நிறுத்திவிட்டாள்.

என் பங்குக்கு ஒரு வேலை இருந்தது. பழைய நூல்புடவைகள் இருந்த பெட்டி என் பொறுப்பு. அவற்றைக் கிழித்து, மடித்து, ஓர்ப்படிக்கு வேண்டிய துணியை அறை வாசல் மாடத்தில் வைப்பேன். தினம் காலையில் சலவைக்காரி பின்சந்து வழியாக வந்து, அழுக்குத் துணியை நேரே அறையிலிருந்து கூடையில் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவாள். மறுநாள் வெளுத்துக் கொண்டுவந்ததை நான் எண்ணி வாங்குவேன். எத்தனை போயிற்று, எத்தனை வந்தது என்று தறியில் உட்கார்ந்திருக்கும்போதும் மனசில் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் நாலு நாள் தினம் ஏழெட்டுத் துண்டு. அப்புறம் ஆறு, ஐந்து என்று இறங்கியது. எட்டாம் நாள் மாமியார் வந்து, "இன்னும் ரெண்டு கிழி" என்றார். அன்றைக்குப் பத்து. ஒன்பதாம் நாள் பதினாலு. பத்தாம் நாள் பதினெட்டு. பெட்டியில் ஒரு புடவை முழுசாகக் காலியாயிற்று. ஒரே ஒரு பெண்ணுக்கு எதற்கு இத்தனை துணி என்று எனக்குள் பூச்சி அரிக்க ஆரம்பித்தது.

அந்த நாட்களில் அறையிலிருந்து அவள் தண்ணீர் கேட்கும் குரல் வரும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுத்தால் வயிறு பெருக்கும் என்று அரை டம்ளரோடு நிறுத்திவிடுவார் மாமியார். அரை மணி கழித்து மறுபடி கேட்பாள். முதலில் குழந்தையிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தவள், பிறகு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். "எழுந்தா கண்ணு இருட்டிக்கினு வருது அத்தை" என்று ஒருநாள் சொன்னது தறிவரைக்கும் கேட்டது. இவள் இன்னும் நாலு மாசத்துக்கு நூல் சுற்றும் ராட்டைப் பக்கம் வரமாட்டாள், அதற்கு இப்போதே அடி போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

பதினோராம் நாள் காலை, முந்தின நாள் போன பதினெட்டுக்குப் பதினாலுதான் திரும்பி வந்தது. இரண்டு தடவை எண்ணினேன். சலவைக்காரியின் மகளுக்கு ஏழாம் மாசம் என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். மெத்தென்று இருக்கும் பழைய துணிக்கு அந்த வீட்டிலும் தேவை வரும் அல்லவா? விஷயம் எனக்கு விளங்கிவிட்டது.

பின்வாசலில் அவளை நிறுத்தினேன். "பதினெட்டு போச்சு, பதினாலு வந்திருக்குது. நாலு எங்கே?"

"அது உருப்படாதும்மா. கட்டி கட்டியா ஒட்டிக்கினு, எவ்ளோ அலசியும் போவல. ஆத்தோரம் பள்ளம் தோண்டிப் பொதைச்சுட்டேன்."

"யாரைக் கேட்டுப் பொதைச்சே?"

"இதுக்கு யாரைம்மா கேக்கறது?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நாளாவ ஆவத் துணி கொறையணும். இது ஏறிக்கினே போவுது. பெரியம்மாகிட்டச் சொன்னேன், அவங்க காதுல போட்டுக்கல. நீங்களாவது உள்ளே போய் ஒரு நடை பாருங்கம்மா."

மாட்டிக்கொண்டவர்கள் பேச்சை மாற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் அவள் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குள் இறங்கவில்லை. "நீ இன்னா டாக்டருக்குப் படிச்சியா?" என்று கத்தினேன். "இன்னிலேர்ந்து ஒரு நாளைக்கு ஆறு துண்டு. ஆறு போவணும், ஆறு வரணும். ஒண்ணு கொறைஞ்சாலும் இந்தத் தெருவுல எந்த வீட்டுலயும் உனக்குத் துணி கெடைக்காது, பாத்துக்கோ."

நாங்கள் நின்ற இடத்துக்கு மேலேதான் அந்தச் சாக்குத் திரை போட்ட ஜன்னல். அது எனக்கு அப்போது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. சலவைக்காரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் ஆறு துண்டு போயிற்று. அதற்கு மறுநாளும் ஆறு. மாடத்தில் நான் வைத்ததில் மிச்சமே இருந்தது. பதினெட்டு ஆறாகிவிட்டது! ஒரு அதட்டலில் திருட்டு நின்றுவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. "பாத்தீங்களா அத்தை, கேக்கறவங்க கேட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்றேன். மாமியாரும் தலையாட்டினார். என் வீட்டுக்காரரிடம் இதைக் கதையாகச் சொல்லி, கரை நாடாவைத் தவறாகத் தள்ளி அவரிடம் திட்டு வாங்கினேன்.

பதினாலாம் நாள் காலை சலவைக்காரி கூடையைப் பின்வாசலில் இறக்கி வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"இன்னா?"

"ஆறுதான் இருக்குது. எண்ணிக்கோங்க."

"சரி, எடுத்துக்கினு போ."

"நீங்களே எண்ணுங்கம்மா. உங்க கையால எண்ணுங்க."

எனக்குச் சுர்ரென்றது. அந்தத் துணியைத் தொட்டால் நான் அன்றைக்குத் தறிக்குப் போக முடியாது. அது அவளுக்கும் தெரியும். வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறாளா? கூடைக்கு அடியில் எதையாவது ஒளித்துவைத்து, நான் தொடமாட்டேன் என்ற தைரியத்தில் நிற்கிறாளா? அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியதும் குனிந்து மேலே இருந்த துண்டைப் பிடித்து இழுத்தேன்.

ஒரு கையால் அது வரவில்லை. அவ்வளவு கனம். ஒரு துண்டு துணி அப்படிக் கனக்கும் என்று எனக்குத் தெரியாது. ஓரமெல்லாம் காய்ந்து பழுப்பாக விறைத்திருந்தது. நடுவில் புது ரத்தம் சிவப்பாக ஊறியிருந்தது. குடலைப் பிரட்டும் ஒரு வாடையும் வந்தது.

"பதினாலாம் நாள் இப்படிச் சேப்பா வரலாமாம்மா?" என்று கேட்டாள் சலவைக்காரி. "துணிதாம்மா கொறைஞ்சிருக்குது. ரத்தம் கொறையல."

நான் நேரே அறைக்குள் போய் ஜன்னல் சாக்கைப் பிடுங்கி எறிந்தேன்.

வெளிச்சத்தில் அவளைப் பார்த்தேன். உதட்டுக்கும் கன்னத்துக்கும் நிற வித்தியாசமே இல்லை. கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. நகத்தில் ரத்தமே இல்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், உள்ளேயும் வெளுப்பு. குழந்தை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. பாயைக் கொஞ்சம் தூக்கினேன். அடியில் நாலாக மடித்த கோணி, அது முழுக்க நனைந்திருந்தது. மூலையில் அவளுடைய பாவாடைகள் இரண்டும், போர்வை ஒன்றும் சுருட்டி வைத்திருந்தன. அவையும் அப்படியே.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "அக்கா, நீங்க உள்ளே வரக் கூடாதே. தறி நின்னுடுமே."

"தறி கெடக்குது. உடம்புக்கு இன்னா பண்ணுது?"

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது அக்கா. குளுருது."

நான் போட்ட சத்தத்தில் மாமியார் ஓடிவந்தார். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று ஆரம்பித்தார். அவர் கையைப் பிடித்து அந்தக் கோணியின் மேல் வைத்து அழுத்தினேன். கண் தெரியாதவருக்கு அது போதும். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பின்சந்தில் ஒரு ஆள் கூடையோடு போகலாம், அவ்வளவுதான் அகலம். வண்டி வாசலுக்குத்தான் வரும். வாசலுக்குப் போக வேண்டுமென்றால் தறிகள் இருந்த கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் ஜமுக்காளத்தில் அவளைக் கிடத்தித் தூக்கினார்கள். கூடத்து நிலைப்படியில் இரண்டு பேரும் ஒரு கணம் நின்றார்கள். மாமியாரின் வாயைப் பார்த்தார்கள். முகூர்த்தப் புடவை முக்கால்வாசி நெய்து நின்றுகொண்டிருந்தது. இந்தக் கிழவி இப்போதும் தீட்டு என்று சொல்லப்போகிறாள் என்று நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். "இன்னாடா நிக்கறீங்க, நடங்கடா!" என்று அவர் அலறினார். அவரைப் பற்றியும் நான் தப்பாகத்தான் நினைத்திருந்தேன்.

குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவள் தலை என் மடியில் இருந்தது. அவள் செத்துப்போய்விடுவாள் என்றே நினைத்தேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர நேரம் ஆகிக்கொண்டே போனது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்த சுவரோரம் என்னை நிறுத்தி, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை துணி மாத்தினாங்க? அதாவது தெரியுமா?"

அது தெரியும். அதைப்போல வேறு எதுவும் எனக்குத் தெரியாது. "மொதல்ல எட்டு, ஏழு, ஆறு, அஞ்சு. எட்டாம் நாள் பத்து. அப்புறம் பதினாலு, பதினெட்டு" என்று ஒப்பித்தேன்.

"இவ்வளவு சரியா எண்ணியிருக்கீங்களே" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "பத்து ஆனப்பவே ஏன் கூட்டிட்டு வரல?"

அவரே மேலே சொன்னார்.

"நஞ்சுக்கொடியில ஒரு துண்டு உள்ளேயே தங்கிடுச்சு. அது சீழ் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. நாளாக நாளாகப் போக்கு குறையணும்மா, நிறமும் வெளுக்கணும். குறைஞ்சது திரும்ப ஏறினாலோ, சிவப்பா வந்தாலோ, கட்டி விழுந்தாலோ, நாத்தம் அடிச்சாலோ ஒரு நாள்கூடப் பார்த்துக்கிட்டு இருக்கக் கூடாது. காய்ச்சலோ மயக்கமோ வந்தாலும் அப்படித்தான். ஒரு மணி நேரத்துல ஒரு துணி முழுசா நனைஞ்சா, கையில இருக்கிற வேலையைப் போட்டுட்டு ஓடிவரணும். தண்ணி தண்ணின்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டா."

"சரி, பதினெட்டுக்கு அப்புறம்?"

"ஆறு. ரெண்டு மூணு நாளா ஆறுதான்."

டாக்டர் முகத்தைச் சுளித்தார். "அது எப்படிக் குறையும்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். பிழைப்பாளா என்பதைச் சாயங்காலம்தான் சொல்ல முடியும் என்றார்கள். கொழுந்தனின் ரத்தம் பொருந்தியது; அதை ஏற்றினார்கள். உள்ளே தங்கியதை எடுத்தார்கள். சாயங்காலம் வந்த நர்ஸ், "இப்போதைக்குப் பரவாயில்லை" என்று மட்டும் சொன்னாள். அந்த 'இப்போதைக்கு' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தவித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் சலவைக்காரி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் ஒரு மூட்டை. "இங்கே துணிக்குக் கஷ்டமா இருக்குமேன்னு கொண்டாந்தேன்" என்று என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனாள். பிரித்தேன். வெளுத்து மடித்த பழைய துணி, பத்துப் பன்னிரண்டு துண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போதும் நான் ஒவ்வொன்றாக விரித்து, எங்கள் வீட்டுப் புடவைக் கரை எதிலாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. மகளின் பிரசவத்துக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்த துணி அது.

மத்தியானம் என் ஓர்ப்படி நன்றாகக் கண் விழித்தாள். உதட்டில் லேசாக நிறம் வந்திருந்தது. குழந்தையைப் பற்றிக் கேட்டாள். அத்தை சங்கில் பால் புகட்டிக்கொண்டிருக்கிறார் என்றேன். பிறகு, "அந்த சலவைக்காரம்மாவை நிறுத்திட்டீங்களா அக்கா?" என்று கேட்டாள்.

"இல்லியே. ஏன்?"

"அன்னிக்கு நீங்க பின்வாசல்ல கத்தினது எனக்குக் கேட்டுதுக்கா. அவங்க பாவம், எதையும் எடுக்கல. எல்லாம் எனக்குத்தான் ஆச்சு. என்னால அவங்க பொழைப்பு போவக் கூடாதேன்னுதான் ஆறோட நிறுத்திக்கினேன். மீதிக்குக் கோணியை வெச்சுக்கினேன்."

பத்தொன்பது வயசுப் பெண், பேசத் தெம்பில்லாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்த ஆறைப் பார்த்து நான் பட்ட சந்தோஷம் நினைவுக்கு வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லடி? துணி பத்தல, ரத்தம் நிக்கலன்னு?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில். "நீங்க நம்பியிருக்க மாட்டீங்கக்கா" என்றாள்.

நம்பியிருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அவள் பொய் சொல்கிறாளா என்றுதான் நான் முதலில் பார்த்திருப்பேன். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.